திருகோணமலை பற்றி உலக நிறுவனங்கள் எழுதியதைத் தேடி எடுப்பது எப்படி?

மூதூரில் 2006 ஆகஸ்டில் நடந்ததைப் பற்றி ஐநா என்ன எழுதி வைத்திருக்கிறது? இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும்படி இலங்கை கேட்டபோது எத்தனை நாடுகள் ஆதரித்தன? உலக வங்கிப் பணத்தில் குளமும் வாய்க்காலும் திருத்தி முடித்தபிறகு, அந்த வேலையைப் பற்றி வங்கியே என்ன தீர்ப்புச் சொன்னது? இவை எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை, பெயர் பதியவும் தேவையில்லை. ஆனால் கூகிளில் ஊர்ப் பெயரை அடித்தால் ஹோட்டலும் புறாமலைப் படகுச் சவாரியும்தான் முன்னால் வந்து நிற்கும். இந்த ஆவணங்கள் இருக்கும் இடம் வேறு, அவற்றை எடுக்கும் வழியும் வேறு.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதும் பிள்ளைகள், கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஊரைப் பற்றி ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் பேசப்பட்டதைப் பத்திரிகைத் தலைப்பை மட்டும் நம்பித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை எங்களுக்கு இருக்கக்கூடாது. மூலத்தை எடுத்து நாங்களே வாசிக்க வேண்டும்.

கைத்தொலைபேசி இருந்தாலே தேடத் தொடங்கலாம். நீண்ட பிடிஎஃப் கோப்புகளை வாசிக்கக் கணினி நல்லது. ஐநாவின் உத்தியோகபூர்வ மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். தமிழ் அதில் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். அதற்காகப் பயப்படத் தேவையில்லை. தேடுவதற்கு வேண்டிய ஆங்கிலம் பத்துப் பதினைந்து சொல்லுக்குள் அடங்கிவிடும். மிச்சத்தை எண்கள் பார்த்துக்கொள்ளும். இங்கே ஆவண எண்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தில், சாய்கோடு, புள்ளி எதையும் விடாமல் அடியுங்கள்.

முதலில் எண்ணைப் பிடியுங்கள்

ஐநா வெளியிடும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனி எண் உண்டு. எங்களுடைய அடையாள அட்டை இலக்கம் மாதிரி, ஒரு எண் ஒரே ஓர் ஆவணத்துக்குத்தான். எந்த மொழியில் எடுத்தாலும் அது மாறாது. தலைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரியாக ஐம்பது ஆவணங்கள் இருக்கும். எண் தெரிந்தால் அவற்றுக்குள் தேடி அலைய வேண்டியதில்லை.

எண்ணை வாசிக்கப் பழகுவது சுலபம். முதல் எழுத்து, ஆவணம் எந்தச் சபைக்குரியது என்று சொல்லும். ஏ என்றால் பொதுச் சபை, எஸ் என்றால் பாதுகாப்புச் சபை, ஈ என்றால் பொருளாதார சமூகப் பேரவை. ஏ/எச்ஆர்சி என்று தொடங்கினால் மனித உரிமைகள் பேரவை. இடையில் ரெஸ் என்று வந்தால் நிறைவேறிய தீர்மானம். பி.வி என்றால் கூட்டத்தில் பேசியது சொல்லுக்குச் சொல் பதிவானது. எல் என்றால் இன்னும் நிறைவேறாத வரைவு. கடைசியில் ஏடிடி என்ற மூன்றெழுத்து இருந்தால் இணைப்பு, கொர் என்றால் பிழைதிருத்தம், ரெவ் என்றால் திருத்திய பதிப்பு.

இதில் வரைவையும் தீர்மானத்தையும் பிரித்தறிவது மிக முக்கியம். ஜெனீவாக் கூட்டத்தொடர் நடக்கும் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் "தீர்மானம்" என்று சுற்றுவது பெரும்பாலும் எல் போட்ட வரைவுதான். 2021 மார்ச்சில் இலங்கை பற்றி நிறைவேறிய தீர்மானத்தின் எண் ஏ/எச்ஆர்சி/ரெஸ்/46/1. அதற்கு முன் இருந்த வரைவு ஏ/எச்ஆர்சி/46/எல்.1/ரெவ்.1. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாக்கெடுப்பு நடந்த தீர்மானமென்றால் அதன் முடிவில் எந்த நாடு எப்படி வாக்களித்தது என்று பெயர் பெயராக இருக்கும். வரைவில் அது இருக்காது. 46/1க்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. இந்தியா நடுநிலை வகித்தது. யாரும் சொல்லிக் கேட்கத் தேவையில்லை, ஆவணத்திலேயே இருக்கிறது.

சரி, எங்கள் ஊருக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்: ஏ/எச்ஆர்சி/33/51/ஏடிடி.2. மனித உரிமைகள் பேரவை, 33ஆவது கூட்டத்தொடர், 51ஆவது ஆவணம், அதன் இரண்டாவது இணைப்பு. வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான ஐநா செயற்குழு 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்தது. அப்போது திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இருந்த இரகசியத் தடுப்பிடத்தையும் போய்ப் பார்த்தது. அந்தப் பயணத்தின் அறிக்கைதான் இது. இணைப்பு எண்ணை விட்டுவிட்டு ஏ/எச்ஆர்சி/33/51 என்று மட்டும் அடித்தால் செயற்குழுவின் ஆண்டறிக்கை வரும். அது எல்லா நாடுகளையும் பற்றியது. நாட்டுக்கு வந்து பார்த்து எழுதுகிற அறிக்கைகள் பெரும்பாலும் இப்படி ஆண்டறிக்கையின் வாலில் இணைப்பாகத்தான் வரும். புதிதாகத் தேடுபவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தவறவிடுகிறார்கள்.

நாட்டுக் குறியீடும் கைகொடுக்கும். மனித உரிமை உடன்படிக்கைகளை நாடுகள் பின்பற்றுகின்றனவா என்று பார்க்கும் உடன்படிக்கைக் குழுக்களின் ஆவண எண்களில் இலங்கைக்கு எல்கேஏ என்ற மூன்றெழுத்து வரும். பெண்கள் உரிமைக் குழுவென்றால் சீடோ/சி/எல்கேஏ, சிறுவர் உரிமைக் குழுவென்றால் சிஆர்சி/சி/எல்கேஏ என்று தொடங்கும். அதற்குப் பின்னால் சிஓ என்று இருந்தால், இலங்கையின் அறிக்கையை ஆராய்ந்து அந்தக் குழு சொன்ன இறுதி அவதானிப்பு. பெரிய அறிக்கையை வாசிக்க நேரமில்லாதவர்கள் சிஓவில் தொடங்கலாம். அது சுருக்கமாகவும் நேரடியாகவும் இருக்கும்.

எங்கே அடிப்பது

எண் கையில் இருந்தால் அன்டொக்ஸ் டொட் ஓர்க் என்ற முகவரியை உலாவியில் அடித்து, சாய்கோடு போட்டு, எண்ணை அப்படியே ஒட்டுங்கள். ஆவணம் நேராகத் திறக்கும்.

எண் தெரியாதபோது இரண்டு இடங்கள். ஒன்று ஐநாவின் உத்தியோகபூர்வ ஆவணத் தொகுதி. சுருக்கமாக ஓடிஎஸ் என்பார்கள். 1993இல் இருந்து கணினியில் தயாரான ஆவணங்களின் முழு வாசகமும் இதில் உண்டு. அதற்கு முந்தியவை ஸ்கேன் செய்யப்பட்ட பிரதிகள். மற்றது ஐநா டிஜிட்டல் லைப்ரரி. நியூயோர்க்கில் உள்ள டாக் ஹமர்ஷீல்ட் நூலகம் நடத்துவது. ஆவணத்தோடு வாக்கெடுப்பு விபரம், யார் எந்தக் கூட்டத்தில் பேசினார் என்ற பதிவு, வரைபடங்கள் என்பவையும் இங்கே கிடைக்கும்.

புதியவர்கள் டிஜிட்டல் லைப்ரரியில் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். நூலகர்கள் ஒவ்வோர் ஆவணத்துக்கும் பொருள் தலைப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் அடித்த சொல் தலைப்பில் இல்லாவிட்டாலும் அகப்பட வாய்ப்பிருக்கிறது. அப்புறம், பக்கவாட்டில் உள்ள வடிகட்டிகளால் ஆண்டு, சபை, ஆவண வகை என்று ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டு வரலாம். முதலில் அகலமாகத் தேடுங்கள், பிறகு சுருக்குங்கள். தொடக்கத்திலேயே ஆறு சொல்லை அடித்தால் ஒன்றும் வராது. வந்தாலும் வேண்டாதது வரும்.

இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்த பெயரென்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் "இந்தியன்" ஒரு பக்கத்திலும் "ஓஷன்" இன்னொரு பக்கத்திலும் இருக்கும் ஆவணமெல்லாம் வந்து குவியும்.

கூட்டத்தில் இருப்பவர்களுக்கென்று வெளியிடும் அறைத்தாள் என்று ஒரு வகை உண்டு. எண்ணில் சிஆர்பி என்று வரும். 2015 செப்டெம்பரில் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் வெளியிட்ட இலங்கை விசாரணை அறிக்கை இந்த வகைதான்: ஏ/எச்ஆர்சி/30/சிஆர்பி.2. 250 பக்கங்களுக்கு மேல். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதும், அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் 17 பணியாளர்கள் கொல்லப்பட்டதும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லா அறைத்தாள்களும் ஓடிஎஸ்ஸில் அகப்படுவதில்லை. அங்கே இல்லையென்றால் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் தளத்தில் அந்தக் கூட்டத்தொடருக்குரிய பக்கத்துக்குப் போங்கள். ஆவணங்கள் அங்கே வரிசையாக இருக்கும்.

எங்கள் ஊர்ப் பெயர்களை அவர்கள் எழுதும் விதம்

ஆவணம் இருந்தும் கிடைக்காமல் போவதற்கு எழுத்துக்கூட்டல்தான் பெரிய காரணம். எண் தெரியாமல் ஊரை வைத்துத் தேடும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மூதூரை எடுத்துக்கொள்ளுங்கள். எம்-யு-வுக்குப் பிறகு ஒரு ரி போட்டு எழுதுபவர்கள் உண்டு, இரண்டு ரி போடுபவர்கள் உண்டு, ரி-எச் போடுபவர்களும் உண்டு. யு-வுக்குப் பதில் இரண்டு ஓ போட்டும் சில அறிக்கைகள் இருக்கின்றன. சம்பூருக்கு யு ஒரு பக்கம், இரட்டை ஓ இன்னொரு பக்கம். கிண்ணியாவின் கடைசியில் ஐ சேர்த்தும் சேர்க்காமலும் வரும். குச்சவெளியில் சி-எச் ஒரு தடவை வரும், இரண்டு தடவை வரும். தம்பலகாமமும் கந்தளாயும் சிங்கள உச்சரிப்பில் தம்பலகமுவ, கந்தளே என்று எழுதப்பட்டிருப்பது அதிகம். ஈச்சிலம்பற்றைச் சொல்லி முடியாது. அதற்குப் பதில் வெருகல் என்று தேடினால் சிலவேளை சீக்கிரம் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்: ஒரு கொப்பியை எடுத்து, தேடும் ஊர் ஒவ்வொன்றுக்கும் கண்ணில் பட்ட எழுத்துக்கூட்டல்களை எழுதி வையுங்கள். புதிதாக ஒன்று கண்டால் சேருங்கள். டிஜிட்டல் லைப்ரரியில் அந்தக் கூட்டல்களுக்கு நடுவே பெரிய எழுத்தில் ஓர் (அதாவது "அல்லது") போட்டு ஒரே தடவையில் தேடலாம். திருகோணமலையை ஆங்கிலத்தில் வழக்கமான கூட்டலில்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள் என்பதால் அது சிக்கலில்லை. ஆனால் திட்டத்தின் தலைப்பில் மாவட்டப் பெயரே இல்லாமல் "கிழக்கு மாகாணம்" அல்லது "வடக்கு கிழக்கு" என்று மட்டும் இருக்கும் ஆவணங்கள் ஏராளம். அவற்றையும் தேடுங்கள்.

பழைய ஆவணங்கள்

1972 மே 22க்கு முந்தியதைத் தேடுகிறீர்களென்றால் "ஸ்ரீலங்கா" என்று அடிக்காதீர்கள். "சிலோன்" என்று அடியுங்கள். இலங்கை 1948இல் ஐநா அங்கத்துவத்துக்கு விண்ணப்பித்து, சோவியத் ஒன்றியத்தின் வீட்டோவால் தடைப்பட்டு, 1955 டிசெம்பர் 14இல்தான் உள்ளே போனது. திருகோணமலைத் துறைமுகம் 1957வரை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. பிரித்தானியாவோடு இருந்த பாதுகாப்பு உடன்படிக்கையைக் காட்டி, இந்த நாடு உண்மையில் சுதந்திரமானதா என்று சோவியத் பிரதிநிதி கேட்ட விவாதம் பாதுகாப்புச் சபைப் பதிவுகளில் இருக்கிறது. சபையைப் பாதுகாப்புச் சபை என்றும் ஆண்டை 1948 என்றும் வடிகட்டி, சிலோன் என்று தேடுங்கள். எஸ்/பி.வி என்று தொடங்கும் கூட்டப் பதிவுகள் வரும். வரலாறு படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் வாசிக்க வேண்டியவை.

பொதுச் சபைத் தீர்மானங்களின் எண்முறையும் அப்போது வேறு. 1976இல் நடந்த 31ஆவது கூட்டத்தொடரில் இருந்துதான் இன்றைய முறை வந்தது. அதற்கு முன் தொடர் எண்ணும் அடைப்புக்குறிக்குள் ரோம இலக்கத்தில் கூட்டத்தொடரும் இருக்கும். இந்து சமுத்திரச் சமாதான வலயப் பிரகடனம் 1971 டிசெம்பர் 16இல் நிறைவேறியது. அதன் எண் 2832, கூட்டத்தொடர் 26. அதாவது எக்ஸ், எக்ஸ், வி, ஐ. ஆதரவு 61 நாடுகள், எதிர்ப்பு ஒன்றுமில்லை, நடுநிலை 55. அந்த 55 யார் யாரென்று டிஜிட்டல் லைப்ரரியின் வாக்கெடுப்புப் பிரிவில் பாருங்கள். எங்கள் துறைமுகத்தைச் சுற்றி நடக்கும் இன்றைய இழுபறிகளை விளங்கிக்கொள்ள அந்தப் பட்டியல் நிறையவே உதவும். அடுத்த ஆண்டு இதற்கென்றே ஒரு விசேட குழுவும் அமைத்தார்கள். அதன் ஆவணங்கள் ஏ/ஏசி.159 என்று தொடங்கும்.

ஸ்கேன் செய்த பழைய பிரதிகளில் இன்னொரு தொல்லை. எழுத்தைக் கணினி பிழையாக வாசித்திருக்கும். வரி முடிவில் ஊர்ப் பெயரை இரண்டாக உடைத்து அச்சிட்டிருந்தால் முழுப் பெயரைத் தேடும்போது அது அகப்படாது. ஆகவே பிடிஎஃபைத் திறந்து, கன்ட்ரோல் விசையையும் எஃப்பையும் அழுத்தி, "ட்ரிங்கோ" அளவுக்கு மட்டும் அடித்துத் தேடுங்கள். பிறகு "மலீ" என்று பின்பாதியையும் ஒருமுறை தேடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் பொருளடக்கத்தைக் கண்ணால் வாசிப்பதைத் தவிர வழியில்லை.

வங்கிகளின் கோப்புகள்

உலக வங்கியின் ஆவணத் தளத்தில் எண்முறை இன்னும் சுலபம். ஒவ்வொரு திட்டத்துக்கும் பி என்ற எழுத்தும் ஆறு இலக்கமும். அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் திட்டத்தின் ஆவணங்கள் முழுவதும் ஒன்றாகக் கிடைக்கும்: தொடக்கத்தில் எழுதிய மதிப்பீட்டு ஆவணம், இடையிடையே நிலை அறிக்கைகள், மீள்குடியமர்வு, சுற்றாடல் தொடர்பான அறிக்கைகள், கடைசியில் நிறைவு அறிக்கை.

நிறைவு அறிக்கையை முதலில் வாசியுங்கள். எவ்வளவு செலவானது, சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று அதில் இருக்கும். தரப்படுத்தலும் உண்டு. அதை வங்கியின் சுயாதீன மதிப்பீட்டுக் குழு மறுபடி பரிசீலித்து, தனது தரப்படுத்தலைத் தனி ஆவணமாக வெளியிடும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களைத் தேடிப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கும். பயிற்சிக்கு வடக்கு கிழக்கு நீர்ப்பாசன விவசாயத் திட்டம் நல்லது. எங்கள் மாவட்டத்து விவசாயிகள் பலருக்கு அந்தத் திட்டம் நினைவிருக்கும். வாசித்ததை அவர்களிடம் கேட்டு ஒப்பிடலாம்.

ஆசிய அபிவிருத்தி வங்கியின் திட்ட எண்ணில் ஐந்து இலக்கமும் சிறு கோடும் மூன்று இலக்கமும் இருக்கும். மூதூருக்குக் குழாய்நீர் கொண்டுவந்த திட்டத்தின் தலைப்பில் மூதூரும் இல்லை, திருகோணமலையும் இல்லை. இரண்டாம் நிலை நகரங்கள், கிராமிய சமூகம்சார் நீர்வழங்கல், சுகாதாரம் என்றுதான் இருக்கும். அதற்குள்ளே மட்டக்களப்பு, அம்பாந்தோட்டை, பொலன்னறுவையோடு மூதூர் நான்காவது. ஊர்ப் பெயரால் அகப்படாவிட்டால் துறையின் பெயரால் தேடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மற்றவை சுருக்கமாக

அனர்த்தங்களுக்கு ரிலீஃப்வெப். ஐநாவின் மனிதாபிமான அலுவலகம் 1996இல் இருந்து நடத்துகிறது. 2004 சுனாமி, 2006 மாவிலாறு, மூதூர் இடப்பெயர்வு, 2011 ஜனவரி வெள்ளம் எல்லாவற்றுக்கும் நிலவர அறிக்கைகளும் வரைபடங்களும் உண்டு. திகதி வடிகட்டியைப் போடாமல் தேடினால் புதியவற்றுக்குள் பழையவை புதைந்துவிடும்.

கடற்றொழிலுக்கு ஐநா உணவு விவசாய நிறுவனத்தின் அறிவுக் களஞ்சியம். 1979இல் சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் அறிக்கைகள் அங்கே இருக்கின்றன. எண் பிஓபிபி என்று தொடங்கும். சிறு படகு, வலை, கரையோரத் தொழில் பற்றி இலங்கையைக் குறித்தும் அதில் நிறைய உண்டு. சூரைமீன் விதிகளுக்கு இந்து சமுத்திர சூரைமீன் ஆணைக்குழுவின் தளம். சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐரிஸ். இலங்கை மலேரியாவை ஒழித்ததாக 2016 செப்டெம்பரில் சான்று பெற்ற கதையை அங்கே தொடங்கிப் பின்னோக்கி வாசிக்கலாம். கல்வி, பண்பாட்டுக்கு யுனெஸ்கோவின் யுனெஸ்டொக்.

எங்கே தேடுவதென்றே தெரியாமல் நின்றால் டாக் ஹமர்ஷீல்ட் நூலகத்தின் "ஆஸ்க் டாக்" பக்கத்தில் கேள்வியை எழுதி அனுப்பலாம். நூலகர்கள் பதில் தருவார்கள். எதைத் தேடினீர்கள், எங்கெல்லாம் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எடுத்தபிறகு

ஓடிஎஸ்ஸில் இருந்து இறக்கும் கோப்பின் பெயர் பெரும்பாலும் ஜி அல்லது என் என்ற எழுத்தும் ஒரு இலக்க வரிசையுமாக இருக்கும். ஜி ஜெனீவா, என் நியூயோர்க். அடுத்த வாரம் பார்த்தால் எது எதுவென்று ஒருவருக்கும் தெரியாது. இறக்கிய உடனே ஆவண எண், ஆண்டு, விஷயம் மூன்றையும் வைத்துப் பெயரை மாற்றுங்கள். கோப்புப் பெயரில் சாய்கோடு போட முடியாது, அதற்குப் பதில் சிறு கோடு போடலாம்.

மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணை நம்பாதீர்கள். மொழிக்கு மொழி பக்கம் மாறும், பந்தி எண் மாறாது. நிறுவனம், தலைப்பு, ஆவண எண், திகதி, பந்தி எண், இந்த ஐந்தும் போதும். தீர்மானமென்றால் தொடக்கத்தில் எண்ணில்லாமல் வருவது முன்னுரை. எண்போட்ட பந்திகள்தான் முடிவுகள். "ஐநா இப்படி முடிவெடுத்தது" என்று எழுதுவதற்கு முன் நீங்கள் காட்டும் பந்திக்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுத் தமிழில் வாசிப்பது சுருக்கமாக விளங்கிக்கொள்ள நல்லதுதான். ஆனால் முறைப்பாட்டிலோ ஆய்விலோ அதை அப்படியே ஒட்டக்கூடாது. தேவையான பந்தியை ஆங்கிலத்தோடு வைத்து, மொழி தெரிந்த ஒருவருடன் இருந்து நீங்களே தமிழாக்குங்கள்.

வங்கி ஆவணத்தில் உங்கள் கிராமத்தின் பெயரையும் ஒரு தொகையையும் கண்டால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வேலையைச் செய்த திணைக்களத்திடமோ பிரதேச செயலகத்திடமோ மிச்ச விபரத்தைக் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். திட்டத்தின் பெயர், திட்ட எண், ஆவணத் திகதி, பந்தி எண் நான்கையும் குறிப்பிட்டு, உங்களுக்கு வேண்டியது செலவுக் கணக்கா, ஒப்பந்தமா, பயனாளிகள் பட்டியலா என்று தெளிவாகக் கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாள்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.